கொலேஷனின் மறுபாதி: எழுத்து வகுப்புகளும் பெரிய–சிறிய எழுத்து மாற்றமும்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கும்போது, மொழிச்சூழல் தொடர்பாக இரண்டு தனித்தனி அமைப்புகளைக் கொடுக்க இடம் உண்டு. எல்சி கொலேட் என்னும் முதல் அமைப்பு, சொற்களை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைத் தீர்மானிக்கிறது. எல்சி சிடைப் என்னும் இரண்டாவது அமைப்பு, ஒரு குறி எழுத்தா, இலக்கமா, நிறுத்தக்குறியா, வெற்றிடமா என்பதையும், ஓர் எழுத்துக்குப் பெரிய வடிவம் எது, சிறிய வடிவம் எது என்பதையும் தீர்மானிக்கிறது. 2011-இல் வெளிவந்த 9.1 பதிப்பிலிருந்து இவ்விரண்டும் கொலேஷன் என்ற ஒரே பெயருக்குள் அடங்கி, ஒவ்வொரு புலத்துக்கும் தனியாகக் கொடுக்கத்தக்கவையாக மாறின. அந்தப் பெயர் வரிசையை மட்டுமே நினைவூட்டுவதால், இரண்டாவது பாதி பெரும்பாலும் யாருடைய கவனத்துக்கும் வருவதில்லை. தேடலில் கிடைக்காத பதிவுகள், தனித்தன்மைக் கட்டுப்பாட்டைத் தாண்டி நுழைந்த இரட்டைப் பதிவுகள், சரியான பெயரை ஏற்க மறுக்கும் படிவங்கள் ஆகியவற்றுக்கான காரணம் அந்தப் பாதியில் இருப்பதுண்டு. அது எப்படி வரையறுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது வரிசையைத் தெரிந்துகொள்வதைப் போலவே அவசியம் என்பது என் கருத்து.

எழுத்து வகுப்பு என்பது அடிப்படையில் ஓர் அட்டவணை. அதன் மிக எளிய வடிவத்தை மைஎஸ்கியூஎல் என்னும் இன்னொரு தரவுத்தள மென்பொருளின் ஒரு பைட் எழுத்துத் தொகுதிகளில் இன்றும் காணலாம். எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றில் சிடைப், சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று மூன்று எண் வரிசைகள் எழுதப்பட்டிருக்கும். பெரிய எழுத்து வரிசையிலும் சிறிய எழுத்து வரிசையிலும் 256 எண்கள் உண்டு. ஒவ்வொரு குறிக்கும் அதன் மாற்று வடிவம் எது என்பதை அவை சொல்கின்றன. சிடைப் வரிசையில் மட்டும் 257 எண்கள். கோப்பின் முடிவைக் குறிக்கும் மதிப்பையும் அதே அட்டவணையில் தேடும் பழைய சி மொழி மரபு காரணமாக, முதல் இடம் அதற்கென விடப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு எண்ணும் எட்டு பிட்டுகளின் கூட்டு: பெரிய எழுத்துக்கு 1, சிறிய எழுத்துக்கு 2, இலக்கத்துக்கு 4, வெற்றிடத்துக்கு 8, நிறுத்தக்குறிக்கு 16, கட்டுப்பாட்டுக் குறிக்கு 32, இடைவெளிக்கு 64, பதினாறடிமான இலக்கத்துக்கு 128. ஆங்கிலத்தின் முதல் எழுத்து தன் பெரிய வடிவத்தில் பதினாறடிமான இலக்கமாகவும் பயன்படுவதால் அதன் மதிப்பு 129. புதிய எழுத்துத் தொகுதியை வரையறுப்பவர் இந்த எண்களைக் கையால் நிரப்ப வேண்டும். ஓர் எண் தவறினால் ஓர் எழுத்து எழுத்தாகவே கருதப்படாது.

யுனிக்ஸ் உலகில் இதே வேலையை மொழிச்சூழல் வரையறைக் கோப்புகள் செய்கின்றன. யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரநிலை பன்னிரண்டு வகுப்புகளுக்குப் பெயர் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் எந்தக் குறிகள் சேரும் என்று கோப்பில் எழுதி, எந்தச் சிறிய எழுத்துக்கு எந்தப் பெரிய எழுத்து என்று இணைகளைக் கொடுத்து, லோக்கேல்டெஃப் என்ற கருவியால் தொகுத்தால் புதிய மொழிச்சூழல் உருவாகிவிடும். இந்த வடிவத்துக்குள் இரண்டு வரம்புகள் பொதிந்திருக்கின்றன. இலக்கம் என்ற வகுப்பில் 0 முதல் 9 வரையான பத்துக் குறிகளைத் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது என்பது முதல் வரம்பு. மாற்றம் எப்போதும் ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்றே அமைய வேண்டும், ஓர் எழுத்து இரண்டாக விரிய வழியில்லை என்பது இரண்டாவது. பிற்காலச் சிக்கல்களில் பல இந்த இரண்டிலிருந்தே பிறந்தன.

முதல் வரம்பின் விளைவைத் தமிழ் எண்களை வைத்தே பார்க்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யுனிகோட் தரநிலை ௧, ௨, ௩ முதலிய தமிழ் இலக்கங்களைத் தசம இலக்கங்கள் என்ற வகையில் வைத்திருக்கிறது. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றைக் குறிக்கும் ௰, ௱, ௲ மூன்றையும் இடமதிப்பு முறையில் சேராத வேறு எண்கள் என்ற வகையில் வைத்திருக்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள ஜிலிப்சி நூலகம் தரநிலையை மீற முடியாததால், ௧ என்பதை இலக்கம் என்று சொல்வதில்லை. ஆனாலும் எழுத்தோ எண்ணோ என்று கேட்டால் ஆம் என்று பதில் வர வேண்டும் என்பதற்காக, ஆஸ்கி (ஆங்கில எழுத்துகளுக்கான பழைய குறிமுறை) அல்லாத இலக்கங்கள் எல்லாவற்றையும் அது எழுத்து வகுப்பில் சேர்த்துவிட்டது. யுனிகோட் விதிகளைச் செயல்படுத்தும் ஐசியூ நூலகமோ ௧ என்பதை இலக்கம் என்றே சொல்கிறது. ஆகவே போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில், இலக்கங்கள் மட்டுமே இருக்க வேண்டும் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையின் வடிவத்தை விவரிக்கும் கோவை) வழியாக விதிக்கப்பட்ட ஒரு கட்டுப்பாடு, ஜிலிப்சி கொலேஷனில் ௧௨ என்ற மதிப்பைத் தடுக்கும், ஐசியூ கொலேஷனில் அனுமதிக்கும். அனுமதிக்கப்பட்ட மதிப்பை முழு எண்ணாக மாற்ற முயன்றால், மாற்றும் பகுதி ஆஸ்கி இலக்கங்களை மட்டுமே ஏற்பதால் பிழை எழும். கட்டுப்பாட்டை எழுதியவர் ஒரே சொற்றொடரைத்தான் எழுதினார். அதன் பொருளை நிர்ணயித்தது கொலேஷன்.

இதைவிட ஆழமாகப் பாதிப்பது எழுத்து என்ற வகுப்பு. தமிழில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் யுனிகோட்டில் தனிக் குறியெண்களாக இருப்பதால், ஒரு சொல் முழுவதும் எழுத்துகளால் ஆனதா என்ற கேள்விக்குக் கிடைக்கும் பதில், கேட்கப்படும் விதத்தைப் பொறுத்தே அமைகிறது. கமல, கமலா, கமல் என்று மூன்று வடிவங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதில் அகர உயிர்மெய்கள் மட்டுமே இருப்பதால் எந்த வரையறையிலும் அது தேறிவிடும். இரண்டாவதில் உள்ள துணைக்கால், யுனிகோட்டின் பொதுவகைப் பகுப்பில் எழுத்து அல்ல, இணைகுறி. எனினும் அகரவரிசைப் பண்பு என்று யுனிகோட் தனியாகத் தரும் பண்பு அதற்கு உண்டு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் ஐசியூவிடம் எழுத்தா என்று கேட்கும் செயற்கூறு பொதுவகையை மட்டும் பார்ப்பதால் கமலா அங்கே தோற்கிறது. அகரவரிசைப் பண்பைப் பார்க்கும் அமைப்பில் அதே சொல் தேறுகிறது. மூன்றாவது வடிவத்தின் இறுதியில் உள்ள புள்ளிக்கு அகரவரிசைப் பண்பும் கொடுக்கப்படவில்லை. ஆகவே கமல் இரண்டு வரையறைகளிலும் தோற்கிறது. புள்ளியோ துணைக்குறியோ வராத தமிழ்ப் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்னும்போது, பெயர்ப் புலத்தில் எழுத்துகள் மட்டும் என்று நிபந்தனை வைப்பது தமிழர்களில் பெரும்பாலோரை வெளியே நிறுத்துவதற்குச் சமம். இது பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு குறை அல்ல. பெயர் என்பது ஒருவர் தரவுத்தளத்துக்குத் தரும் முதல் தகவல்.

யுனிகோட் அமைப்பு இதைக் கவனிக்காமல் இல்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் பற்றிய அதன் 18-ஆம் எண் தொழில்நுட்ப ஆவணம், சொல் எழுத்து என்ற வகுப்பில் அகரவரிசைப் பண்புள்ளவற்றோடு இணைகுறிகள் எல்லாவற்றையும் சேர்க்கச் சொல்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0.4 பதிப்பிலிருந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் வேலையை ஐசியூவிடம் ஒப்படைத்துவிட்டதால், அங்கே சொல் எழுத்து என்ற வகுப்பு கமல் என்பதை முழுமையாக ஏற்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் இருந்த பழைய பொறி பைட் பைட்டாகப் பார்த்தது. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் மூன்று பைட்டுகள் கொண்ட ஒரு தமிழ்க் குறி அதற்கு மூன்று தனிக் குறிகளாகவே தெரிந்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் சொல் எழுத்து வகுப்போ இன்னும் எழுத்து, இலக்கம், அடிக்கோடு என்ற கூட்டாகவே இருக்கிறது. எனவே அங்கே அனுமதிக்கப்பட்டவற்றை அடுக்குவதைவிட, கட்டுப்பாட்டுக் குறிகள் போன்ற விலக்க வேண்டியவற்றை மட்டும் பெயர் சொல்லி விலக்குவதே தமிழுக்குப் பாதுகாப்பான வழி. அதிலும் நிறுத்தக்குறி வகுப்பை நம்பி விலக்குவது நல்லதல்ல. அச்சில் தெரிகிற, எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தும் நிறுத்தக்குறியே என்பது பழைய போசிக்ஸ் மரபு. அதை அப்படியே பின்பற்றினால் புள்ளியும் நிறுத்தக்குறியாகிவிடும். யுனிகோட்டின் தரநிலை வரையறையிலோ கூட்டல் குறிகூட நிறுத்தக்குறி அல்ல, கணிதக் குறியீடு.

பெரிய–சிறிய எழுத்து மாற்றம் தமிழுக்கு நேரடியாகத் தேவைப்படுவதில்லை. ஆயினும் மின்னஞ்சல் முகவரிகள், பயனர் பெயர்கள், பொருள் குறியீடுகள் எனத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இயங்கும் தரவுத்தளங்களில் அது நாள்தோறும் நடக்கிறது. யுனிகோட் இதற்கு மூன்று கோப்புகளை வைத்திருக்கிறது. முதன்மைத் தரவுக் கோப்பில் ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்து என்ற எளிய மாற்றங்கள் இருக்கின்றன. சிறப்பு மாற்றங்களின் கோப்பில் ஓர் எழுத்து பல எழுத்துகளாக விரியும் நிகழ்வுகளும், சூழலையோ மொழியையோ பொறுத்து மாறும் விதிகளும் இருக்கின்றன. மூன்றாவது கோப்பு, பெரிய, சிறிய வடிவங்களை ஒரே வடிவமாக மடக்கும், ஒப்பீட்டுக்கென்றே அமைந்த கேஸ் ஃபோல்டிங் அட்டவணை.

எளிய மாற்றத்துக்கும் முழு மாற்றத்துக்கும் உள்ள தூரத்தை ஜெர்மானிய மொழியின் எஸ்ஸெட் எழுத்து காட்டுகிறது. முழு விதிப்படி அதன் பெரிய வடிவம் இரண்டு எஸ் எழுத்துகள். எளிய விதியில் அதற்குப் பெரிய வடிவமே இல்லை, அது அப்படியே திரும்பி வரும். 2008-இல் யுனிகோட் 5.1 பெரிய எஸ்ஸெட் ஒன்றைச் சேர்த்தது. ஜெர்மானிய எழுத்து முறைக்கான அவை 2017-இல் அதை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெரிய எஸ்ஸெட்டைச் சிறியதாக்கினால் பழைய எஸ்ஸெட் கிடைக்கும். பழையதைப் பெரிதாக்கினால் புதியது கிடைக்காது. மாற்றம் போன வழியே திரும்பி வரும் என்று எண்ணி எழுதப்பட்ட நிரல் இங்கே பொய்க்கும். கிரேக்கத்தின் சிக்மா சூழலைப் பொறுத்தது: அதன் பெரிய வடிவம் ஒன்றே, சிறிய வடிவங்கள் இரண்டு; சொல்லின் இறுதியில் வருவதற்கு வேறு வடிவம். பெரிய எழுத்தில் எழுதப்பட்ட ஒரு கிரேக்கச் சொல்லை எளிய விதியால் சிறியதாக்கினால், அதே சொல்லைச் சிறிய எழுத்தில் சரியாகத் தட்டச்சு செய்தவரின் பதிவோடு அது பொருந்தாமல் போகும்.

மொழியைப் பொறுத்த விதிகளில் துருக்கியமும் அசர்பைஜானியும் முதன்மையானவை. 1928-இல் துருக்கி லத்தீன் நெடுங்கணக்கை ஏற்றபோது, மேலே புள்ளி வைத்த ஐ, புள்ளி இல்லாத ஐ என்று இரண்டு தனி உயிர்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெரிய வடிவமும் தனிச் சிறிய வடிவமும் உண்டு. அதனால் துருக்கிய விதியில், ஆங்கிலத்தில் வழங்கும் புள்ளியற்ற பெரிய ஐ, புள்ளியற்ற சிறிய ஐயாகவே மாறும். இன்ஃபோ என்று பெரிய எழுத்தில் தொடங்கும் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் துருக்கியக் கொலேஷனில் சிறியதாக்கினால், உலகின் பிற பகுதிகளில் வழங்கும் இன்ஃபோவுக்கு அது ஈடாகாது. சிறிய எழுத்து வடிவத்தின் மேல் போடப்பட்ட தனித்தன்மை இன்டெக்ஸ் (ஒரே மதிப்பு இரு முறை வராமல் காக்கும் தேடல் அட்டவணை) இரண்டையும் வெவ்வேறாகக் கருதி உள்ளே விட்டுவிடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன் அட்டவணைப் பெயர்களையும் புலப் பெயர்களையும் சிறியதாக்கும்போது, ஆஸ்கி எழுத்துகளுக்கு எந்த மொழிச்சூழலையும் கேட்பதில்லை. துருக்கியத்தைக் காரணமாகச் சொல்லும் குறிப்பு அதன் மூல நிரலிலேயே இருக்கிறது. மனித மொழி அல்லாத பெயர்களுக்கு மனித மொழியின் விதி பொருந்தாது என்ற இந்த முடிவு, பயனர்களின் தரவு வடிவமைப்பிலும் பின்பற்றத் தக்கது.

ஓர் எழுத்தை எப்படி மாற்றுவது என்பதைக் காட்டிலும் கடினமானது, அந்த விதி காலத்தால் மாறும்போது என்ன செய்வது என்பது. ஒரு செயற்கூற்றின் விளைவின் மேல் இன்டெக்ஸ் போடப்படும்போது அந்த விளைவு வட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. பின்னர் விதி மாறினால், வட்டில் இருப்பது பழைய விதியின்படியும் வினவல் கணக்கிடுவது புதிய விதியின்படியும் அமையும். இதற்கு ஜார்ஜிய மொழி நேரடிச் சான்று. அம்மொழியின் நவீன எழுத்துகளுக்கு யுனிகோட்டில் நெடுங்காலம் பெரிய–சிறிய வேறுபாடு இல்லை. பெரிதாக்கச் சொன்னால் எழுத்து அப்படியே திரும்பி வந்தது. தலைப்புகளை அழுத்தமாக எழுதப் பயன்படும் மத்தாவ்ருலி வடிவங்கள் 2018-இல் யுனிகோட் 11-இல் சேர்க்கப்பட்டு, வழக்கமான எழுத்துகளின் பெரிய வடிவங்கள் என்று அறிவிக்கப்பட்டன. பெரிய எழுத்தாக்கிய பெயரின் மேல் இன்டெக்ஸ் வைத்திருந்த ஒரு ஜார்ஜியத் தரவுத்தளம், புதிய அட்டவணை கொண்ட நூலகத்துக்கு மாறிய பிறகு, இருக்கும் பெயரையே தேடிக் காணாது. அதே பெயரை இரண்டாம் முறை சேர்க்கவும் அனுமதிக்கும்.

செரோக்கி மொழியில் இதன் எதிர்த்திசை நிகழ்ந்தது. 2015-இல் யுனிகோட் 8 அம்மொழிக்குச் சிறிய எழுத்துகளைச் சேர்த்தபோது, அதுவரை இருந்த எழுத்துகள் பெரிய எழுத்துகளாயின. அதனால் அங்கே சிறியதாக்கும் செயற்கூற்றின் விளைவு மாறியது. ஆக, பெரியதாக்குவதும் நிலையானதல்ல, சிறியதாக்குவதும் நிலையானதல்ல. இரண்டு நிகழ்வுகளிலும் மாறாமல் நின்றது கேஸ் ஃபோல்டிங் மட்டுமே. ஒரு முறை ஒதுக்கப்பட்ட எழுத்தின் ஃபோல்டிங் விளைவை மாற்றுவதில்லை என்று யுனிகோட் உறுதி கொடுத்திருக்கிறது. அந்த உறுதியைக் காப்பதற்காகவே ஜார்ஜியத்தின் புதிய பெரிய எழுத்துகள் பழைய சிறிய எழுத்துகளுக்கும், செரோக்கியின் புதிய சிறிய எழுத்துகள் பழைய பெரிய எழுத்துகளுக்கும் மடக்கப்படுகின்றன. பிற மொழிகளில் எல்லாம் சிறிய எழுத்தை நோக்கியே மடக்கும் ஓர் அட்டவணை செரோக்கியில் மட்டும் திசை மாறியிருப்பது முதல் பார்வையில் குறையாகத் தோன்றும். ஆனால் ஏற்கெனவே வட்டில் எழுதப்பட்டதைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு தூரம் முன்னுரிமை பெற்றிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் 18-ஆம் பதிப்பு, 2025-இல், கேஸ்ஃபோல்ட் என்ற செயற்கூற்றைச் சேர்த்தது. சிக்மாவின் மூன்று வடிவங்களையும் அது ஒன்றாக்கும். முழு மாற்றம் கொண்ட கொலேஷனில் எஸ்ஸெட்டை இரண்டு எஸ்ஸாக விரிக்கும். ஒப்பீட்டுக்காகவே எழுத்தை மாற்றுகிற இடங்களில் இனி சிறிய எழுத்தாக்குவதை விட்டுவிட்டு இதையே பயன்படுத்துவது முறை. ஆனால் குறியெண் வேறுபாட்டை அது தீர்க்காது. தமிழில் கொம்பும் காலும் சேர்ந்த ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகவும் இரண்டு குறியெண்களாகவும் எழுத முடியும். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஒப்பீட்டில் வேறாகவே நிற்கும். அதற்கு, இத்தகைய வடிவங்களை ஒன்றாக்கும், 13-ஆம் பதிப்பில் வந்த நார்மலைஸ் செயற்கூறுதான் மருந்து. தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் எவரும் ஃபோல்டிங்கைவிட முதலில் கவனிக்க வேண்டியது இதுவே.

விதி மாறும் ஆபத்தைக் குறைக்க இன்னொரு வழி, விதியை இயங்குதளத்திடம் விட்டுவைக்காமல் தரவுத்தளமே தன்னிடம் வைத்துக்கொள்வது. 2018 ஆகஸ்டில் ஜிலிப்சி 2.28 தன் வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றியபோது, இயங்குதளத்தை மேம்படுத்திய பல போஸ்ட்கிரெஸ்கியூஎல் அமைப்புகளில் உரை இன்டெக்ஸ்கள் செல்லாமல் போயின. தரவுத்தள மென்பொருளில் ஒரு வரிகூட மாறியிருக்கவில்லை. மைஎஸ்கியூஎல் தன் அட்டவணைகளைத் தன்னிடமே வைத்திருந்தும் தப்பவில்லை. 5.1.24 பதிப்பில் பொதுக் கொலேஷனில் எஸ்ஸெட்டின் மதிப்பு மாற்றப்பட்டதன் விளைவாக, பழைய அட்டவணைகளை மேம்படுத்துவோருக்காகப் பழைய நடத்தையை அப்படியே வைத்திருக்கும் தனிக் கொலேஷன் ஒன்றை, மைஎஸ்கியூஎல்500 என்ற அடையாளத்தோடு, பின்னர் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒரே ஓர் எழுத்துக்காக ஒரு புதிய கொலேஷன் பிறந்தது.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் 17-ஆம் பதிப்பில், 2024-இல், கொலேஷன் விதிகளை வெளி நூலகம் இன்றித் தானே தரும் உள்ளமைந்த வழங்குநர் என்று ஒன்று வந்தது. அதன் சி யுடிஎஃப்-8 கொலேஷன் குறியெண் வரிசையில் அடுக்குகிறது, எளிய எழுத்து மாற்றத்தைச் செய்கிறது, வகுப்புகளைப் போசிக்ஸுக்கு இணங்கிய வடிவில் பார்க்கிறது. எனவே ௧ அங்கே இலக்கம் ஆகாது. அடுத்த பதிப்பில் சேர்ந்த யுனிகோட் ஃபாஸ்ட் கொலேஷன் அதே வரிசையை வைத்துக்கொண்டு, முழு மாற்றத்தையும் யுனிகோட்டின் தரநிலை வகுப்புகளையும் எடுத்துக்கொள்கிறது. அங்கே ௧ இலக்கம். இரண்டின் நடத்தையும் ஒரு முதன்மைப் பதிப்புக்குள் மாறாது என்பது ஆவணம் தரும் உறுதி. வரிசையையும் எழுத்து மாற்றத்தையும் பிரித்து, முதலாவதை மிக எளிய பைட் ஒப்பீட்டுக்கு இறக்கிவிட்டு, இரண்டாவதை மட்டும் யுனிகோட் அறிவோடு செய்யும் இந்த அமைப்பே, தரவுத்தளத்தின் அடிப்படைக் கொலேஷனாக இருக்கத் தகுதியானது என்று நான் கருதுகிறேன்.

குறியெண் வரிசை தமிழ் அகராதி வரிசை ஆகாது என்பது உண்மைதான். ந என்ற எழுத்தை அடுத்து ன, ர என்ற எழுத்தை அடுத்து ற, வகரத்துக்கு முன்பே ளகரமும் ழகரமும் என்று அது அடுக்கும். ஆனால் அகராதி வரிசை தேவைப்படுவது மனிதர் கண்ணுக்கு முன் பட்டியல் வரும் இடத்தில்தான். அந்த வினவலில் மட்டும் ஐசியூ தரும் தமிழ்க் கொலேஷனைக் குறிப்பிட்டால் போதும். அந்த வரிசை நாளை திருத்தப்பட்டாலும் வட்டில் எதுவும் கெடாது. அதற்கென இன்டெக்ஸ் வேண்டியிருந்தால், இயங்குதளமோ ஐசியூவோ மேம்படும் ஒவ்வொரு முறையும் மறுபடி கட்ட வேண்டியவற்றின் பட்டியலில் அதைச் சேர்த்துவைக்க வேண்டும்.

கேஸ் ஃபோல்டிங்குக்கு யுனிகோட் தரும் உறுதி, ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட எழுத்துகளுக்கு மட்டுமே உரியது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று எந்த எழுத்தும் இல்லாத ஒரு குறியெண் நாளை ஏதேனும் ஒரு மொழியின் பெரிய எழுத்தாகலாம். அன்று அதன் ஃபோல்டிங் மாறும். ஒதுக்கப்படாத குறியெண் உரைக்குள் இருக்கிறதா என்று சோதிக்க, 17-ஆம் பதிப்பிலேயே யுனிகோட் அசைன்ட் என்ற செயற்கூறு கொடுக்கப்பட்டிருக்கிறது. ஃபோல்டிங் விளைவின் மேல் தனித்தன்மை இன்டெக்ஸ் வைத்திருக்கும் புலத்தில் இந்தச் சோதனையை ஒரு கட்டுப்பாடாகச் சேர்த்தால், பின்வரும் யுனிகோட் பதிப்புகளில் எத்தனை எழுத்துகள் சேர்ந்தாலும் அந்த இன்டெக்ஸ் பழைய விளைவையே சரியான விளைவாகக் கொண்டிருக்கும்.